செவ்வாயிலிருந்து ரிட்டர்ன் லோடு

செவ்வாய் கிரகத்துக்கு முதன்முதலில் போன வண்டி சேந்தமங்கலத்திலிருந்து கிளம்பியது. லோடு, நூற்றிருபது மூட்டை ஜவ்வரிசி. வண்டியின் பெயர் கொல்லிப்பாவை. டிரைவர் சின்னண்ணன் கற்பூரம் காட்டி, ராக்கெட்டின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். நேராக மேலே போகிற வண்டி கீழே கிடக்கிற பழத்தை எப்படி நசுக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த ராக்கெட் முதலில் ஒரு முழம் முன்னால் உருண்டு பழத்தை நசுக்கிவிட்டு, அப்புறம்தான் வானத்துக்குப் போகிறது. 1959இல் இதை எழுதிய மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவர் பெயர் காளியப்பன். புனைபெயர் வானூரான். சேந்தமங்கலத்துக்காரர். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். எந்த லாரியில் என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே போகிறது என்று லோடு சீட்டு எழுதுவது அவர் வேலை. தப்பாக எழுதிய சீட்டுகளையும் மிஞ்சிய சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றின் பின்பக்கத்தில் விஞ்ஞானக் கதை எழுதுவார். எழுதியதைத் தபாலில் போட மாட்டார். சேலம் போகிற ஏதாவது லாரி டிரைவரிடம் கொடுத்துவிடுவார். டிரைவர் அதை அஸ்தம்பட்டியில் இருந்த 'விண்கல்' பத்திரிகை ஆபீஸில் கொடுப்பார். அச்சுக் கோத்து முடிந்ததும் அதே சீட்டுகள் அடுத்த லாரியில் அவருக்கே திரும்பி வந்துவிடும். ஆசிரியர் சந்தோஷமாக இருந்தால் கூடவே மாம்பழமும் வரும்.

பூமியைத் துளைத்து மறுபக்கம் வெளியே வந்துவிடுகிற கிணறு, மருமகளைத் திட்டுவதற்கென்றே செய்யப்பட்ட இயந்திர மாமியார், கொல்லிமலைக்குப் பின்னால் இறங்கி ஒரு வாரம் தங்கிப் பலாப்பழம் தின்றுவிட்டுப் போன நிலா, இப்படி ஒன்பது வருடத்தில் பதினொரு தொடர்கதை. இத்தனையும் எழுதியவருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ் ஏறினால் ராசிபுரம் வருவதற்குள் வாந்தி. சேலத்துக்குக்கூட அவர் இரண்டே முறைதான் போயிருக்கிறார். மற்ற இடத்துக்கெல்லாம் சைக்கிள்தான். செவ்வாய்க்கு மட்டும் சைக்கிள் போகாது என்பதால் ராக்கெட் கட்டினார் என்று நினைக்கிறேன்.

நான் தமிழினி. நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். இரண்டு வருடமாக இவர் கதைகளைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறேன். சேலத்தில் ஒரு பதிப்பகம் புத்தகமாகப் போட ஒத்துக்கொண்டது. எல்லாம் கிடைத்துவிட்டது. 'செவ்வாய்க்கு ஒரு லோடு' தொடரின் கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. இருபத்துமூன்றாம் அத்தியாயம் வந்ததோடு 'விண்கல்' நின்றுபோனது. காளியப்பனும் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

அந்த இருபத்துமூன்றாம் அத்தியாயம் எங்கே நிற்கிறது தெரியுமா? ஜவ்வரிசியை இறக்கியாயிற்று. ஆனால் சின்னண்ணன் திரும்பி வர மாட்டேன் என்கிறான். ஏனென்றால் ரிட்டர்ன் லோடு கிடைக்கவில்லை. போன வண்டி காலியாகத் திரும்பினால் டீசலும் நஷ்டம், மானமும் நஷ்டம். அதனால் செவ்வாயில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு லோடுக்காகக் காத்திருக்கிறான், பதினொரு மாதம். இங்கே பூமியில் அவன் பெண்டாட்டி வள்ளியாத்தாள் பிள்ளைத்தாய்ச்சி. ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். கடைசி வரியில், வண்டியின் பின்கதவை யாரோ தட்டுகிறார்கள். அவ்வளவுதான். அறுபத்தைந்து வருடமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

உலகத்தில் எத்தனையோ பேர் செவ்வாய்க்கு ராக்கெட் விட்டுக் கதை எழுதியிருக்கிறார்கள். ரிட்டர்ன் லோடு இல்லாததால் அங்கேயே மாட்டிக்கொள்ளும் ஆளை நாமக்கல்காரன் ஒருவனால்தான் எழுத முடியும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒன்பதாம் மாதம். என் வீட்டுக்காரர் வேலுமணி சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறார். ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கொல்கத்தா போனவர் லோடை இறக்கிவிட்டு ஒன்பது நாளாக அங்கேயே நிற்கிறார். ஏன் என்று சொல்ல வேண்டுமா?

வருகிற வெள்ளிக்கிழமை எனக்குக் கட்டுச்சோறு. எங்கள் பக்கம் அது பெரிய விசேஷம். பெண் வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பிள்ளை பிறப்பதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருகிற கடைசி உட்காரல் அது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளை இது. அவர் பக்கத்தில் இல்லாமல் அந்த மணையில் உட்காருவதற்கு நான் தயாராக இல்லை. அதை அவரிடமும் சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

"நானென்ன வேணும்னா நிக்கறேன் அம்மிணி? லோடு கெடைக்கோணுமல்ல?" என்றார் போனில்.

"வண்டிய அங்கயே நிறுத்திட்டு ரயிலேறி வாங்க மாமா."

"யார நம்பி உட்டுட்டு வாரது? மாத்து டிரைவரும் மஞ்சக்காமாலைன்னு ஊருக்குப் போயிட்டான்."

"அப்பக் காலியா ஓட்டிக்கிட்டு வாங்க."

"என்ன பேச்சு பேசற அம்மிணி?" என்றார். அசிங்கமாக ஏதோ சொல்லிவிட்டேன் போல. எங்கள் வீட்டில் அது நிஜமாகவே கெட்ட வார்த்தைதான். என் மாமனார் முப்பது வருடம் லாரி ஓட்டினவர். "ஒரு நாளும் காலி வண்டி ஊருக்குள்ள வந்ததில்ல" என்று என் மாமியார் சென்னியம்மாள் வாரம் ஒரு முறையாவது சொல்வார். மாமனார் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. அந்த வாக்கியம் மட்டும் இன்னும் எங்கள் வீட்டில் சம்பளம் வாங்காமல் காவல் காக்கிறது.

சண்டை போட்டாலும் ஒரு வேலையை நாங்கள் விடவில்லை. தினமும் சாயங்காலம் நான் போனில் காளியப்பனின் இரண்டு மூன்று அத்தியாயம் படிப்பேன். அவர் கொல்கத்தாவில் கேபினில் படுத்துக்கொண்டு கேட்பார். லாரிக்காரர் அல்லவா, சந்தேகம் எல்லாம் வேறு மாதிரி வரும். "அம்மிணி, செவ்வாய்ல வண்டிய எங்க ஓரங்கட்டுனான்? டயருக்குக் கல்லு வெச்சானா?" என்பார். நான் புரட்டிப் பார்ப்பேன். வைத்திருப்பான். காளியப்பன் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

ரிட்டர்ன் லோடு என்னவாக இருக்கும் என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சி. இரும்புத்தூள், செவ்வாய் முழுக்க அதுதான் என்பது என் கட்சி. அங்கிருக்கிற ஜனங்கள் குடும்பத்தோடு ஏறிக்கொண்டு வருவார்கள், அதனால்தான் பின்கதவைத் தட்டினார்கள் என்பது அவர் கட்சி. "செம்மண்ணுதான். இல்லீன்னா வேறென்னத்த ஏத்துவான்? நம்ம ரோசாச் செடிக்கு ஆகும்" என்பது அத்தையின் கட்சி. முதலில் இந்தக் கிறுக்குக் கதை எனக்கெதற்கு என்றவர், இப்போது ஆறு மணி ஆனால் டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

சனிக்கிழமை இருபத்துமூன்றாம் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். இனி படிக்க ஒன்றும் இல்லை. வேலுமணி, "வெள்ளிக்கெழமைக்கு வர முடியாது போலிருக்குது அம்மிணி. செவ்வாக்கெழமைக்கு மேலதான் லோடுங்கறான் புரோக்கரு. நீ கோவிச்சுக்காத" என்றார்.

கோவிச்சுக்கவில்லை. போனைக் கட்டில்மேல் எறிந்தேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறிச் சேந்தமங்கலம் போனேன். காளியப்பனின் மகள் பாவாயி அங்கேதான் இருக்கிறார். வயது அறுபத்தைந்து. வீட்டுக்குப் பின்னால் கொல்லிமலை நிற்கிறது, முன்னால் எட்டு ஆடு நிற்கிறது. அப்பாவின் லோடு சீட்டுகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் அவரிடம்தான் இருக்கின்றன. ஏற்கெனவே நான் மூன்று முறை வந்து எல்லாவற்றையும் பார்த்துப் படம் எடுத்துவிட்டேன். எனக்கு முன்னால் யுனிவர்சிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். யாருக்கும் இருபத்துநான்காம் அத்தியாயம் கிடைக்கவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று போனேன். உண்மையைச் சொன்னால், யாரிடமாவது என் புருஷனைப் பற்றிப் புலம்ப வேண்டியிருந்தது.

"இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு எதுக்குக் கண்ணு பஸ்ஸேறி வந்தே? ஒரு போன் போட்டா நானே வரமாட்டனா?" என்று திட்டிக்கொண்டே பாவாயி நாற்காலி போட்டார். பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். நான் முழுசாகப் புலம்பி முடித்தேன். ஆடுகள்கூடக் கவனமாகக் கேட்டன.

"வள்ளியாத்தா கதையாட்டவே இருக்குதே" என்றார் பாவாயி.

"அதத்தானுங்கம்மா நானும் சொல்றேன். என்ற கதைய உங்கப்பா அன்னைக்கே எழுதி வெச்சுட்டாரு. எழுதுனவரு முடிவையும் எழுதி வெச்சிருக்கலாமுங்களே?"

பாவாயி முகம் கொஞ்சம் மாறியது. "எல்லாரும் என்னையத்தான் சொல்லுவாங்க கண்ணு. நான் பொறந்த மாசந்தான் அப்பா எழுதறத நிறுத்துனாரு. பொட்டப்புள்ள பொறந்துச்சு, மனசு உட்டுப்போச்சு அவருக்குன்னு எங்க அத்தை என்ற காதுபடவே சொல்லும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அறுபத்தைந்து வருடமாக அந்தப் பேச்சைச் சுமந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்த அத்தையை எழுப்பி வைத்துச் சண்டை போட வேண்டும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. புழுக்கம் தாங்கவில்லை. "விசிறி இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டேன். விசிறியை ஆடு தின்றுவிட்டதாம். பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் தனியாகக் கிடந்த ஒரு கட்டை எடுத்து, அதிலிருந்து விறைப்பாக ஒரு சீட்டை உருவிக் கொடுத்தார். "இது ஒண்ணுத்துக்கும் ஆகாத கட்டுங் கண்ணு. பின்னால எதுவும் எழுதல. யுனிவர்சிட்டிக்காரங்க அப்பவே வேண்டாம்னு தள்ளி வெச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

நானும் அந்தக் கட்டைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் வெறும் தாளாக இருந்ததால் நானும் தள்ளித்தான் வைத்தேன். காளியப்பன் கதை எழுதுவது பின்பக்கத்தில். முன்பக்கம் ஆபீஸ் வேலை. அதை யார் படிக்கப் போகிறார்கள்?

விசிறிக்கொண்டே இருந்தேன். நல்ல கெட்டித் தாள், நன்றாகக் காற்று வந்தது. குனிந்து மற்ற சீட்டுகளை எடுக்க வயிறு விடவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கையில் இருந்ததன் முன்பக்கத்தைப் படித்தேன். எல்லா லோடு சீட்டையும் போல அச்சடித்த கட்டங்கள், அதற்கு எதிரே காளியப்பனின் மணிமணியான கையெழுத்து.

வண்டி: கொல்லிப்பாவை
டிரைவர்: சின்னண்ணன்
புறப்படும் இடம்: செவ்வாய்
சேரும் இடம்: சேந்தமங்கலம்
பெறுபவர்: வள்ளியாத்தாள், மற்றும் பெயர் வைக்காத குழந்தை ஒன்று
சரக்கு: காலி
எடை: ஓர் ஆள்
குறிப்பு: பின்கதவைத் தட்டியது காற்று. பதினொரு மாதம் காத்துப் பார்த்தேன். லோடு கிடைக்கவில்லை. இனிமேல் கிடைத்தாலும் ஏற்றுவதாக இல்லை. உலை வைக்கவும்.

கீழே, குமாஸ்தா கையெழுத்துப் போடும் இடத்தில், வழக்கமான காளியப்பன் இல்லை. வானூரான் என்று இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் எட்டு ஆடும் எட்டுத் திசைக்கு ஓடின. பாவாயி காப்பிச் சட்டியோடு ஓடிவந்தார். "வலி வந்துருச்சா கண்ணு? ஆட்டோவக் கூப்புடட்டுமா?" என்று கத்தினார். வந்தது வலி இல்லை. சிரிப்பு. அழுகையும் சேர்ந்த சிரிப்பு. கடைசி அத்தியாயத்தால் கால் மணி நேரமாக விசிறிக்கொண்டிருந்தேன்! மூன்று பேர், இரண்டு முனைவர் பட்டம், ஒரு பிசிக்ஸ் டீச்சர், எல்லோரும் கர்ம சிரத்தையாகத் தாளைத் திருப்பித் திருப்பி வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறோம்.

பாவாயி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். சீட்டின் மேல்மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார்.

"இது நான் பொறந்து மூணாம் நாளு" என்றார்.

"ஆமாங்கம்மா."

"அதுக்கு முன்னால அப்பா நாமக்கல்லுலயேதான் தங்கிக்குவாராமா. ஆபீஸ் முடிஞ்சா அங்கயே உக்காந்து எழுதறது. ஞாயித்துக்கெழமைதான் ஊட்டுக்கு வருவாராமா. எனக்கு வெவரம் தெரிஞ்சு அப்படியில்ல கண்ணு. தெனம் ஆறு மணியானா சைக்கிள் மணி கேக்கும். ஒரு நாள் தவறுனதில்ல."

சொல்லிவிட்டுச் சீட்டை மார்போடு பிடித்துக்கொண்டார். "என்னால நிக்கல. எனக்காக ஊட்டுக்கு வந்துட்டாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தோம். சட்டியில் இருந்த காப்பியை ஒரு ஆடு முகர்ந்து பார்த்ததுகூடத் தெரியவில்லை.

படம் எடுத்து வேலுமணிக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூடச் சேர்த்து எழுதவில்லை. பார்த்ததற்கு நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! "காலியாவா வாரான்? பதினோரு மாசம் நின்னுட்டுக் காலியாவா வாரான்? இந்த ஆளு எப்புடித்தான் லாரி ஆபீசுல வேலை பாத்தானோ! ஒரு நடை செம்மண்ணாச்சும் அள்ளிப் போட்டுட்டு வந்துருக்கலாமல்ல?" என்றார். அன்றைக்கு ஆறு மணிக்கு டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு வேலுமணி கூப்பிட்டார். பின்னால் இன்ஜின் சத்தம்.

"மாமா, லோடு கெடச்சுருச்சுங்களா?"

"இல்ல."

"அப்பறம் வண்டி ஓடற சத்தம் கேக்குது?"

"ஓடுது."

"என்ன சரக்குங்க மாமா?" என்று கேட்டேன்.

"ஓர் ஆள்" என்றார்.

அந்த நிமிஷம் வயிற்றுக்குள் இருந்த பிள்ளை ஓர் உதை விட்டது. நானும் எழுந்து குதித்திருப்பேன், டாக்டர் திட்டுவாரே என்று அடக்கிக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளும் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தேன். திங்கட்கிழமை பாலசோர் தாண்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை விசாகப்பட்டினம். காலி வண்டி என்பதால் பறக்குது அம்மிணி, பிரேக்கில் கால் வைத்தால் துள்ளுது என்று சின்னப் பையன் மாதிரி சொன்னார். அத்தையிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. "வெள்ளிக்கெழமை வந்துருவாருங்கத்தை" என்றேன். "என்ன லோடாமா?" என்று கேட்டார். நெட்வொர்க் சரியில்லை, காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டேன். போனில் பேசுவது எல்லோர் காதிலும் விழுகிற பத்துக்குப் பத்து அறையில் நின்றுகொண்டு அந்தப் பொய்யைச் சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. குரலே சரியில்லை.

"அம்மிணி, குண்டூர்ல நிக்கறேன். இங்கொரு புரோக்கரு புடிச்சுக்கிட்டான். ஈரோட்டுக்கு மொளகா லோடு. நல்ல வாடகை. நம்ம ஊருக்குப் பக்கந்தான், ஈரோட்டுல எறக்கிட்டு வந்துரலாம்."

"ஏத்தறதுக்கு எத்தன நாளாகுமுங்க?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏத்திருவாங்களாமா."

அப்படியென்றால் வெள்ளிக்கிழமை இல்லை. சனிக்கிழமை. என்ன சொல்ல? வண்டி அவருடையது, டீசல் அவருடையது, முப்பது வருடத்து மானம் அவர் அப்பாவுடையது. குறிப்பில் என்ன எழுதியிருந்தது என்று நான் ஞாபகப்படுத்த வேண்டுமா என்ன? "உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்கப்புறம் அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை முழுவதும் காளியப்பன்மேல் கோபம் கோபமாக வந்தது. சின்னண்ணனுக்கு வழியில் குண்டூர் என்று ஓர் ஊர் இருந்ததா? செவ்வாயிலிருந்து வருகிறவனுக்கு வானத்தில் எவன் வந்து மிளகாய் லோடு தருகிறேன் என்றான்? கதையில் நேர்மையாக இருப்பது ரொம்பச் சுலபம்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அடுக்களையில் அத்தை எனக்கு முன்பே எழுந்து பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தார். குளிக்கத்தான் வெந்நீர் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மணிக்கு எங்கள் அம்மா வீட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, எள்ளுச் சோறு, சர்க்கரைப் பொங்கல், இன்னும் பேர் தெரியாத இரண்டு. தெருவுக்கே போடலாம். இரண்டு மணை போட்டார்கள். ஒன்றில் என்னை உட்கார வைத்தார்கள். இன்னொன்றில் மாலையை வைத்தார்கள்.

"மாப்பிள்ள எங்கம்மா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "வாராரு, வாராரு" என்று அத்தையே எல்லோருக்கும் பதில் சொன்னார். ஒன்பதரை ஆனது. பத்தானது. பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. நான் மாலையைப் பார்க்காமல் சர்க்கரைப் பொங்கலில் இருந்த முந்திரியை எண்ணினேன். பதினாலு. அழுதுவிடக் கூடாது என்பதற்காக மறுபடியும் எண்ணினேன்.

பத்து பத்துக்குத் தெருமுனையில் ஏர் ஹாரன் கேட்டது. ஊரில் ஆயிரம் லாரி இருந்தாலும் அவரவர் ஹாரன் அவரவர் வீட்டுக்குத் தெரியும்.

நான் மணையைவிட்டு எழுந்தேன். எழக் கூடாது என்று யாரோ கத்தினார்கள். யார் கேட்டார்கள்? வாசலுக்குப் போனேன். வண்டி புழுதியோடு வந்து நின்றது. ஐந்து நாள் தாடியோடு வேலுமணி கேபினிலிருந்து குதித்து, என்னைப் பார்த்து ஈ என்று இளித்தார். எனக்கு அவரைவிட வண்டியின் பின்பக்கம்தான் முக்கியமாகப் பட்டது. தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். குண்டூர் மிளகாய் ஒரு மூட்டை இருந்தாலும் இந்தத் தெருவே தும்மியிருக்கும். யாரும் தும்மவில்லை. ஒரே ஒரு தும்மல்கூட இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கிருந்த சந்தோஷத்துக்கு அந்த லாரியை நானே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

ஆனால் அத்தை எனக்கு முன்பே வண்டியின் பின்னால் போய்விட்டார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கொக்கியைத் தட்டிக் கழற்றினார். பின்கதவு தடால் என்று விழுந்தது. உள்ளே இருபத்திரண்டு அடி நீளத்துக்கு வெறும் பலகை. ஓரத்தில் ஒரு கயிற்றுச் சுருள், நாலைந்து ஜவ்வரிசி மணி. அவ்வளவுதான்.

வேலுமணி தலையைக் குனிந்துகொண்டார். "லோடு கெடச்சுதுங்கம்மா. குண்டூர்ல. ஏத்தல" என்றார் மெதுவாக.

அத்தை அந்த வெறும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்கொப்பன் முப்பது வருசம் ஓட்டுனாரு. ஒரு நாளும் காலி வண்டி ஊருக்குள்ள வந்ததில்ல" என்றார்.

"ஆமாங்கம்மா."

"ஒரு நாளும் சொன்ன நாளுக்கு வந்ததுமில்ல" என்றார் அத்தை. "எனக்குக் கட்டுச்சோறு போட்ட அன்னைக்கு உங்கொப்பன் பூனாவுல இருந்தாரு. வெங்காயத்துக்கு நின்னாரு. பக்கத்து மணையில அவருக்குப் பதிலா ஒரு செம்புல தண்ணி வெச்சாங்க. நானும் அந்தச் செம்பும்தான் உக்காந்திருந்தோம்."

இந்தக் கதையை ஆறு வருடத்தில் நான் கேட்டதில்லை. அவர் மகனும் கேட்டதில்லை என்பது வேலுமணியின் முகத்தில் தெரிந்தது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே விழுந்திருந்த பின்கதவை அவரே தூக்கி மாட்டினார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கற? கை காலக் கழுவிட்டு வந்து மணையில உக்காரு, நேரமாச்சு. உலை காத்தாலயிருந்து கொதிக்குது" என்றார்.